நெடுந்தீவில் ஒரு படப்பிடிப்பு உலா

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்து மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவிற் கிடப்பது நெடுந்தீவு. அதன் தட்டை நிலத்திலே கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. சாந்து பூசாது, பவளக்கல்லைக் கல்லின்மேற் கல்லாய் அடுக்கிய மதில்கள் வளவுகளைப் பிரிக்கின்றன. பழைய புறாக்கூடு ஒன்றும், வைத்தியசாலைக்குப் பின்னால் இடிந்த கோட்டையும், ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரம் ஒன்றும் உண்டு. கமெராவைத் தோளில் மாட்டிய எவருக்கும் இத்தனை போதும். ஆயினும் அங்கு சென்று மீண்ட அன்பர்கள் காட்டும் படங்களிலே முகங்கள் இருண்டும், வானம் வெளிறியும், குதிரைகள் எறும்பளவினவாயும் இருத்தலைப் பலமுறை கண்டுள்ளோம். விலையுயர்ந்த கமெராவாற் பிடித்த படங்களும் அவ்வாறே இருந்தன.

காரணம் எளிது. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் செல்லல் வேண்டும். நாம் கரையேறும்போது இளவெயில் போய்விடும். மாலை வெயில் மஞ்சளிக்குமுன் திரும்பும் படகு புறப்பட்டுவிடும். ஒரே நாளிற் சென்று மீள்பவனுக்குக் கிடைப்பது உச்சி வெயில் மட்டுமே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிற் கதிரவன் நண்பகலில் எமது தலைக்கு நேர்மேலே நிற்பதால், நிழல் காலடியில் ஒடுங்கும். கண்குழிகள் கரிய பள்ளங்களாகும். ஆதலால் உலாவுக்குரிய திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக வகுத்தல் நன்று. கடைசிப் படகின் நேரத்தை முதலில் எழுதி, அதற்கு முக்கால் மணி முன்னதாகத் துறையில் நிற்பதென முடிவு செய்து, எஞ்சிய நேரத்தையே பங்கிட வேண்டும். நேர அட்டவணை மாறக்கூடியது. முதல் நாளும் விசாரித்து, கரையேறியவுடன் படகுக்காரரிடம் மறுபடியும் கேட்டுக்கொள்க.

நண்பகலுக்கேற்ற பொருள்களும் இல்லாமலில்லை. பெருக்கமரத்தின் அடிப்பொந்துக்குள் ஒளி மெல்லப் படர்கிறது. வாயிலில் நின்று பல்லைக் காட்டும் படங்கள் உலகிற் போதிய அளவு உண்டு. உள்ளே நின்று வெளியே நோக்கி ஒன்று எடுத்துப் பாருங்கள். பவள மதில்களோ சாய்வெயிலை வேண்டுவன. அவற்றை மனம்போல் எடுக்க விரும்புவோர் இரவு தங்க ஏற்பாடு செய்துகொள்ளலே வழி. எவ்வாறாயினும் மதிலின்மேல் ஏறி நிற்றல் ஆகாது. சாந்தில்லாக் கற்கள் சரியும், காலும் முறியும். அன்றியும் அது ஒருவரது வளவின் எல்லை. கோட்டைச் சுவர்களுக்கும் இதுவே விதி.

காலம் எதுவெனின், தையின் பிற்பகுதியும் மாசியும் என்போம். வாடை தணிந்து கடல் அடங்கியிருக்கும். மாரி மழையின் பசுமையும் நிலத்தில் எஞ்சியிருக்கும். சோளகம் வீசும் மாதங்களிற் படகு ஆடும் ஆட்டத்தில் தலைசுற்றுவோர் பலர். கமெராவின்மேலும் உப்புநீர் தெறிக்கும்.

குதிரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்தன இவை என்பர். மட்டக் குதிரை போன்ற சிற்றுருவின, எவருக்கும் பழகாதவை. கோடையிற் குளங்களும் கேணிகளும் வற்றும்போது நீரின்றி இவை மடிவதுண்டு. அத்தகைய நாளில், பிடரி பறக்க ஓடும் படம் வேண்டுமென்று மோட்டார்ச் சைக்கிளில் விரட்டுவோரைக் காண்கையில் எமக்கு ஆத்திரம் மூளுகிறது. நீருக்காக வந்த விலங்கு நீருண்ணாமல் ஓடுகிறது. அந்த ஓட்டத்திற் குட்டி தாயைப் பிரிகிறது. நீர்நிலைக்கும் குதிரைக்கும் இடையே நில்லாதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் இடையே செல்லாதீர்கள். பின்புறமாக நெருங்கின் உதைபடுவீர்கள். இருநூறு மில்லிமீற்றரோ அதற்கு மேலோ கொண்ட வில்லை இருப்பின், தொலைவில் அமர்ந்தே எடுக்கலாம். நிலம் தட்டையாதலின் குந்தியிருந்து நோக்கினாற் குதிரையின் தலை அடிவானத்துக்கு மேலெழும். எம்முடன் வந்த மாணவர்கள் காற்றெதிரே அரைமணி நேரம் அசையாதிருந்தார்கள். மந்தை தானாகவே மேய்ந்துகொண்டு அணித்தாக வந்தது. அன்று கிடைத்த ஏழு படங்களில் ஒன்றிலாவது மிரண்ட கண் இல்லை.

வெளியில் நிழலில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் நீரும் தொப்பியும் தடித்த அடியுள்ள சப்பாத்தும் கொள்க. நன்னீர் அருமையான தீவாகையால் ஊரார் கிணற்றை நம்பிச் செல்லல் முறையன்று. வெறும் போத்தல்களையும் திருப்பிக் கொண்டுவருக. எவரும் தனியே பிரியாது இருவர் இருவராகச் செல்க. வாகனச் சாரதியிடம் எங்கே, எப்போது சந்திப்பதென்று தெளிவாகச் சொல்லிவைக்க. கமெராவைப் படகில் நெகிழிப்பையிற் கட்டிவைத்து, வில்லையைத் தரையில், காற்றுக்கு முதுகு காட்டி மாற்றுக. மாற்றுப் பற்றறி இரண்டேனும் தேவை.

கடற்படையினரின் நிலைகளை நோக்கிக் கருவியைத் திருப்பாதீர்கள். ட்றோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். மனிதரைப் படமெடுக்குமுன் கேட்பது எங்குமுள்ள மரியாதை. இங்கே அதற்குக் கூடுதற் காரணமும் உண்டு. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற இத்தீவு மக்கள் நடுக்கடலிற் கொலையுண்டனர். அவர்களின் உறவினர் இன்றும் அதே துறையிற் படகேறுகின்றனர். துறையில் வாளாவிருக்கும் ஒரு முதிய முகத்தை அழகிய காட்சியென்று எண்ணித் திடீரென எடுத்துவிடலாகாது. “அம்மா, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேட்டபோது எமக்கு மறுத்தவர் ஒருவர், இசைந்தவர் மூவர். அம்மூவருடைய முகவரிகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பிரதிகள் அச்சாகி உறையிலிட்டு ஆயத்தமாயுள்ளன. திங்கட்கிழமை தபாலிற் சேர்ப்போம்.