பெயின்ட்டைப் பார்க்காதீங்க, போர்க்கைப் பாருங்க

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் கழற்றிய தேக்குக் கதவு, தூண், எனாமல் அடுக்கு எல்லாம் அங்கே விலைக்கு வரும். சில கடைகளில் பழைய சைக்கிளும் நிற்கும். எனக்கு ஒரு பழைய ராலே வாங்க ஆசை. விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். மதிப்பைச் சொல்ல ஆள் வேண்டுமே. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போனேன். அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்பேனர், கொத்தனார் நூல் ஒரு கண்டு, உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.

வாசலில் பளபளவென்று ஒரு பச்சை வண்டி. முன்கழுத்தில் நாரைத் தலை போட்ட ராலே சின்னம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னத்துல என்ன தம்பி இருக்கு? கழட்டி மாட்டுனா எந்த வண்டியும் ராலேதான். செயின் வீலைப் பாருங்க."

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேயின் செயின் வீலிலும் அந்த நாரைத் தலையை மூன்று இடத்தில் வெட்டியிருப்பார்கள். இதில் இருந்தது வெறும் வட்டம். அவர் பிரேம் நெடுகக் காந்தத்தை இழுத்துக்கொண்டே வந்தார். கழுத்துக்குக் கீழே, சாய்வுக் குழாயில் ஓரிடத்தில் பிடிமானம் விட்டது. உள்ளே இரும்புக்கு மேல் பட்டி. முன்னால் மோதிய வண்டியில் போர்க்கு பின்னுக்கு மடங்கும். அந்தக் குழாய் அடிப்புறம் புடைக்கும். அதை மறைக்கத்தான் புதுப் பெயின்ட். புதுப் பெயின்ட் அடித்த பழைய வண்டியைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சியும்கூட.

கதவுகளுக்குப் பின்னால் இன்னொன்று சாத்திக் கிடந்தது. கறுப்புப் பெயின்ட் வெடித்து, செயின் கவர் நசுங்கி, பின் மட்கார்டில் எந்தக் காலத்துப் பஞ்சாயத்து வரி வில்லையோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செயின் வீலில் மூன்று நாரைகளும் இருந்தன. பின் ஹப்பைத் துணியால் துடைத்ததும் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயர், ஏ.டபிள்யூ. என்ற எழுத்து, 55 என்ற எண். 1936இல் வந்த மூன்று கியர் ஹப் அது. அந்த எண் செய்த வருடம். ஆனால் வண்டியும் 1955 என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சக்கரம் மாறியிருக்கலாம்.

நூலின் ஒரு முனையைப் பின் ஆக்சிலில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் ஆக்சிலுக்கே கொண்டுவந்தார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. பிரேம் நேராக இருக்கிறது. பிறகு சீட் கம்பியைத் திருகி அசைத்தார்; துருவேறி இறுகிய கம்பியை எடுக்கப் போய்க் குழாயே கிழிந்த கதைகள் அவரிடம் உண்டு. கிராங்கைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது. கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்னின் தலை சுத்தியடி பட்டுப் பூவாக விரிந்திருந்தது.

"பின்னு போனாப் போகுது. கப்பு நல்லா இருக்கணும்."

கப்பு என்றால் கிராங்க் அச்சின் பேரிங் உட்காரும் கிண்ணம். அவர் கவலைக்குக் காரணம் அதன் மரை. மற்றக் கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை போட்டபோது நாட்டிங்ஹாம் ராலே 26 போட்டது. கடையில் கிடைக்கும் கப்பை அடம்பிடித்து முறுக்கினால் பிரேமின் மரையே அழிந்துவிடும். 28 அங்குல டயரும் டியூபும் நம் ஊரில் இன்றும் கிடைப்பதால் அவற்றை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உள்பக்கம் பிரேக் கட்டை உரசும் ரிம்மை மட்டும் நகத்தால் வழித்துப் பார்த்தார்.

"கியர் போச்சு சார், பெடல் சும்மா சுத்துது. கழட்டிட்டு சிங்கிள் போட்டுக்குங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, விலை இறங்குமே! மெக்கானிக்கோ ஆக்சில் நுனியில் வெளியே வரும் சின்னச் சங்கிலியைக் கேபிளோடு இரண்டு திருகு இறுக்கினார். இந்த ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதிலும் சேராத ஓர் இடம் உண்டு. கேபிள் தொய்ந்தால் அங்கே போய் நிற்கும். ஹப் உடைந்தது போலவே தோன்றும். மூன்று கியரும் விழுந்தன. இரண்டாம் கியரைவிட முதல் கியரில் வேகம் கால் பங்கு குறையும், மூன்றாம் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். கடைக்காரர் முகம் மலர்ந்தது, என் முகம் சுருங்கியது.

"பொய் சொல்லி வாங்குன வண்டியை நான் ரிப்பேர் பண்ண மாட்டேன்" என்றார் மெக்கானிக், என்னைப் பார்க்காமல். பிறகு அவரே பேரம் பேசினார். காட்டர் பின், கப்பு, செயின் கவர், சீட் தோல் என்று செலவை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்ததில், கேட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்குப் படிந்தது. பச்சை வண்டியின் விலை அதைவிட அதிகம். அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வரும் என்றே கடைக்காரர் சொன்னார்.

ஒன்றைக் கவனித்தேன். ரிப்பேருக்குக் கூலி வாங்கும் இவர்கள், பார்த்துச் சொல்வதற்குக் காசு கேட்பதில்லை. நாமும் ஒரு டீயோடு முடித்துவிடுகிறோம். ஆனால் வண்டியின் மதிப்பைச் சொன்னது அந்தக் கைதான். பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். வண்டி வாங்காமல் திரும்பினாலும் அரைநாள் கூலியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.