திருப்பிப் பார்க்க முடியாத பொட்டலம்

சென்ற ஆண்டு அக்காவின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு இரவுகள் தங்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் இரவு ஒன்றரை மணி இருக்கும். கேன்டீனை மூடிவிட்டார்கள். நான் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். வயிறு காலியாக இருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். லிஃப்ட் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி; உள்ளே விளக்கு வெளிச்சத்தில் சிப்ஸ், பிஸ்கட், கடலை, கேக் என்று வரிசை வரிசையாகப் பொட்டலங்கள். காவலுக்கு இருந்த தம்பி உதவி செய்ய, செல்போனில் பணம் செலுத்தி எண்ணை அழுத்தினேன். சுருள் கம்பி ஒரு சுற்றுச் சுற்றியது. கடலைப் பொட்டலம் தொப்பென்று கீழே விழுந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். எக்ஸ்பைரி தேதி முடிந்து 19 நாள் ஆகியிருந்தது.

"தம்பி, இது தேதி முடிஞ்சதாச்சே?"

"அது மெஷின் சார். ஆள் வந்து நிரப்பிட்டுப் போவாங்க. அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

பிரித்து முகர்ந்தேன். சிக்கு வாடை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி தன் பையிலிருந்து நாலு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அதன் தேதியை நான் கேட்கவில்லை.

காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம் எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. ரயில் நிலையங்களில் எடை பார்க்கும் இயந்திரம் நின்றுகொண்டிருக்குமே, காசு போட்டால் விளக்குகள் மின்ன, எடையும் பலனும் அச்சடித்த அட்டை விழும். விழுப்புரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். பலன் பொய்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தின்பண்டம் அப்படி இல்லை. பெட்டிக்கடையில் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது பழசு, வேற குடுங்க" என்று கேட்கலாம். இங்கே பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலம் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. சுருள் கம்பியில் முன்னால் இருப்பதுதான் முதலில் விழும். நிரப்ப வருகிறவர் பழைய பொட்டலங்களை முன்னுக்கு இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். அவசரத்தில் முன்னால் காலியாக உள்ள இடத்தில் புதியதைச் செருகிவிட்டால், பின்னால் இருப்பது அங்கேயே கிடந்து கிழடாகும். தாலுகா அலுவலகத்தில் கோப்புகளோடு முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். கட்டின் அடியில் சிக்கிய மனுவுக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். நம் பாட்டிகளின் நெற்குதிர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள துவாரத்தில் எடுப்பார்கள். பழைய நெல்தான் முதலில் வரும்.

இப்படிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கல்வராயன் மலையில் ஒரு சிறுமி கற்றுக்கொடுத்தது.

2018-இல், என் மனைவி போன மறுவருடம். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2019 நவம்பரில்தான். அவள் நினைவு நாளில் மலைப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கள்ளக்குறிச்சியில் ஒரு மொத்தக் கடையில் 120 பிஸ்கட் பொட்டலம் கேட்டேன். விசாரித்துவிட்டுக் கணிசமாக விலை குறைத்துக் கொடுத்தார்கள். தர்ம காரியம் என்பதால் குறைத்தார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறும் பேருந்தில் அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆறேழு பேர் வாங்கியிருப்பார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பொட்டலத்தைத் திருப்பி, விரல் விட்டு எண்ணினாள். அப்போதெல்லாம் பல பொட்டலங்களில் 'தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். முடியும் நாளை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் போட்டாள்.

"தாத்தா, இது போன மாசமே முடிஞ்சுருச்சு."

எனக்குத் தலை சுற்றியது. ஆசிரியர் சங்கடத்தோடு சிரித்தார். "பரவாயில்ல சார், ஒரு மாசம்தானே. ஒண்ணும் ஆகாது, குடுங்க" என்றார்.

ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். அது எனக்கே தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் குடியேறிய உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் பொட்டலங்களைப் படித்துச் சொல்வது வீட்டில் என் வேலை. அங்கே தேதியில் இரண்டு வகை. இறைச்சி, மீன் போலச் சீக்கிரம் கெடுகிறவற்றில் 'அ கொன்சொமே ழுஸ்கோ' என்று இருக்கும். இந்தத் தேதி வரைதான் உண்ணலாம் என்று அர்த்தம். கடந்துவிட்டால் விற்கவே கூடாது. பிஸ்கட், சிப்ஸ் போன்ற உலர்ந்த பண்டங்களில் 'அ கொன்சொமே த பிரெஃபெரான்ஸ் அவான்' என்று இருக்கும். இந்தத் தேதிக்கு முன் உண்பது உத்தமம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மொறுமொறுப்பும் மணமும் குறையலாம். கெடாமல் இருந்தால் விற்கக்கூட அங்கே தடை இல்லை. முதல் வகை உடம்பைப் பற்றியது, இரண்டாவது ருசியைப் பற்றியது.

என் கையில் இருந்தது இரண்டாம் வகை. சட்டென்று அந்த வாத்தியாருக்கு ஒரு பிரெஞ்சுப் பாடம் நடத்திவிட்டு விநியோகத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேரனுக்கு இதைக் கொடுப்பேனா என்று யோசித்தேன். கொடுக்க மாட்டேன். கொடுத்தவற்றைத் திரும்ப வாங்கினேன். பிள்ளைகள் கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெட்டிகளோடு கீழே இறங்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சண்டை போடவில்லை. அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"மலைக்குத்தானே சார் கொண்டுபோறீங்க?"

நான் கேட்ட வார்த்தைகளில் இதை மட்டும் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டம். ஊரில் விற்காதது மலைக்குப் போகும் என்பது அவருக்கு மழை பெய்வது போல ஓர் இயற்கை நியாயம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் வேறு கடையில் ஒவ்வொரு பொட்டலமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். கொடுப்பதற்கு முன் கரும்பலகையில் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும்; மற்றவர்களுக்காக. 'எம்.எஃப்.டி' என்றால் தயாரித்த நாள், 'பி.கே.டி' என்றால் பொட்டலம் கட்டிய நாள், 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் என்ன, 'யூஸ் பை' என்றால் என்ன என்று எழுதிப் போட்டேன். சட்டப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயம் இல்லை. எனவே இந்த நாலைந்து எழுத்துகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு 2020-இல் வந்த லேபிள் விதிமுறையில், தயாரித்த நாளோடு 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியையும் போடுவது கட்டாயம் ஆயிற்று. 'பெஸ்ட் பிஃபோர்' விருப்பம் இருந்தால் கூடுதலாகப் போடலாம். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பண்டத்துக்கு மாதமும் வருடமும் போதும். குறைவாகத் தாங்குவதற்கு நாளும் வேண்டும். விரல் விட்டு எண்ணும் வேலை குறைந்தது. ஆனால் எந்தத் தேதியானாலும், அது பொட்டலம் பிரியாமல், வெயில் படாமல் இருந்தால்தான் செல்லும். எண்ணெய்ப் பண்டம் காற்றாலும் வெளிச்சத்தாலும் சூட்டாலும் சிக்கு வாடை அடிக்கும். சிப்ஸ் பையில் உப்பலாக இருப்பது அதற்காக அடைக்கும் நைட்ரஜன்தான். உள்ளே வெள்ளி மாதிரி மினுக்குவதும் அதற்காகத்தான்.

அன்று மலையில் ஒரு கிழவி, என் பாடத்தை வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமைக்கு ஏது சாமி தேதி? உமியோட கெடந்தா வருசக்கணக்கா கெடக்கும். குத்திட்டா சீக்கிரம் தின்னு தீத்துறணும்." குத்தியதும் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கிறது. லேபிள் போட்டவர்கள் சொல்வதும் இதைத்தான்.

மறுபடி மருத்துவமனைக்கு வருகிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நர்ஸிடம் பிளாஸ்டர் ஒரு துண்டு வாங்கி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பழைய பழக்கப்படி தேதியிட்டு, 'இந்த வரிசையில் உள்ள கடலைக்குத் தேதி முடிந்துவிட்டது. வாங்க வேண்டாம்' என்று தமிழில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். சீட்டைக் கிழித்திருந்தார்கள். கடலை அப்படியே இருந்தது.

இன்னொன்று எழுதி ஒட்டினேன்.