பேடூக்கும் தவளையும்

ஜூன் மாதத்தில் மழை தொடங்கியபோது, புனேயின் கட்கிப் பகுதியில் உள்ள ஒரு சிறு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கதைநேரம் நடத்த ஒப்புக்கொண்டேன். வருபவர்கள் ஐந்து வயது முதல் எட்டு வயது வரையிலான பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தியும் மராத்தியும் கலந்து பேசி வளர்பவர்கள்.

மாதத்திற்கு ஒரு கருப்பொருள், அதற்கேற்ற படநூல்கள், இறுதிப் பத்து நிமிடம் கைவேலை என்று திட்டமிட்டேன். முதல் கருப்பொருள் மழையும் தவளையும். முதல் நூலாக மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட, சொற்களே இல்லாத ‘தவளையே, நீ எங்கே?’ என்னும் படநூலை எடுத்தேன். ஜாடியில் வைத்திருந்த தவளை இரவில் தப்பிவிட, ஒரு சிறுவனும் அவனுடைய நாயும் அதைத் தேடிச் செல்லும் கதை.

மொழியியல் மாணவர்களுக்கு இந்நூல் புதிதன்று. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கியம் ஆகிய ஐந்து மொழிகளின் பேச்சாளர்களிடம் இப்படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்து, அத்தரவுகளை ஆராய்ந்து ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் 1994இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். என் ஆய்வும் இருமொழிக் குழந்தைகளின் கதையாடலைப் பற்றியதே. ஆகவே இந்நூலை நன்கறிவேன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

ஜாடி வெறுமையாகக் கிடக்கும் படம் வந்தது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி துள்ளி எழுந்து, “அக்கா, பேடூக் ஓடிப்போச்சு!” என்றாள்.

“பேடூக் இல்லம்மா, தவளை” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று பிறகு பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை.

மொழிக்கலப்பு பிழையன்று எனக் கருத்தரங்குகளில் வாதிட்டவள் நான். அந்த வாக்கியத்தை இரவில் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். மராத்தியில் ‘பேடூக்’ ஆண்பால் பெயர். வினையும் ஆண்பாலிலேயே முடியும். அவளோ அச்சொல்லைத் தமிழுக்குள் கொண்டுவந்ததும் அஃறிணையாக்கி, ‘ஓடிப்போச்சு’ என்று முடித்திருந்தாள். இரண்டு இலக்கணங்களையும் குழப்பமின்றிக் கையாண்ட வாக்கியம் அது. ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டாக வந்திருந்தால் வியந்து மேற்கோள் காட்டியிருப்பேன். எதிரே நின்று ஒரு குழந்தை சொன்னபோது திருத்திவிட்டேன்.

மூன்றாம் வாரம் வரிசையை மாற்றினேன். கைவேலையைக் கதை கேட்டதற்கான பரிசாக இறுதியில் வைத்ததும் தவறு என்று பட்டது. முதலில் ஆளுக்கொரு பச்சைத் தாள் கொடுத்தேன். பின்புறத்தை அழுத்தினால் தாவும் காகிதத் தவளையை அனைவரும் மடித்தோம். பிறகு நூலைத் தரையில் விரித்து, “இந்தப் படத்தில் உங்கள் தவளை எங்கே ஒளியும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அச்சிறுமி முதலில் தன் காகிதத் தவளையிடம் மெதுவாகப் பேசினாள், பிறகு பக்கத்துச் சிறுவனிடம், பிறகு எல்லாரிடமும். ஜாடியிலிருந்து தப்பியது அவளுக்குப் ‘பேடூக்’. கடைசியில் குளக்கரையில் வரும் குட்டிகள் ‘தவளைக் குட்டி’. இரண்டு சொற்களையும் இரண்டு பாத்திரங்களுக்குப் பங்கிட்டுக்கொண்டாள். சிறுவன் ஒரு குட்டியைக் கையிலேந்தி வீடு திரும்பும் படத்தில் நிறுத்தி, “அதோட அம்மா அங்கதான இருக்கு? நாம திருப்பிக் குடுத்துடலாம் அக்கா” என்றாள்.

கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, சேர்க்காத ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழில் உண்டு. மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என உண்டு. வகுப்பில் பலமுறை விளக்கிய செய்தி. அன்று அந்த ‘நாம’வுக்குள் நானும் இருந்தேன் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

பதிவுக் கருவி பையிலேயே கிடந்தது. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்காத அந்தக் கதையாடல் என் ஆய்வேட்டில் இடம்பெறாது. இடம்பெற வேண்டியதும் இல்லை.

கதைநேரம் நடத்த விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். ஒரு கருப்பொருளுக்கு ஒரு நூலே போதும். சொல்லற்ற படநூலில் தொடங்குவது நல்லது. சொற்கள் உள்ள நூல் வேண்டுமெனில், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதையைப் பல இந்திய மொழிகளில் பெறலாம். திறந்த உரிமம் உள்ளதால் அச்சிட்டும் கொடுக்கலாம். கைவேலை எளிதாக இருக்கட்டும்: கை வேலை செய்யும்போதுதான் கூச்சமுள்ள குழந்தை பேசுகிறது.

அடுத்த மாதக் கருப்பொருள் குடை. ‘சத்ரி’ என்று யாரேனும் சொன்னால் அதுவும் சுவரில் எழுதப்படும். பழைய நாட்காட்டித் தாள்கள் வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள்; மடிப்பதற்கு அவற்றைவிட நல்ல தாள் இல்லை.