சாக்கும் சீட்டும்

எங்கள் ஊர் அகரம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்புக்குப் பக்கம். பேரைக் கேட்டதும் படித்தவர்களுக்கு முதல் எழுத்து ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டில் அகரம் என்று பேர் கொண்ட ஊர்களில் பல, பார்ப்பனர்களுக்கு விடப்பட்ட அக்கிரகாரத்திலிருந்து அந்தப் பேரைப் பெற்றவை. அந்தப் பேருக்குள் எங்கள் தெரு என்றைக்கும் இருந்ததில்லை. அந்தத் தெருவில், வேப்பமரத்தடியில், போன சித்திரை மாதம் நானும் என் அய்யாவும் ஒரு பழைய பத்மினி காருக்கு ஸ்டியரிங் வேலை பார்த்தோம். அதைத்தான் எழுத வந்தேன்.

கார் 1986ஆம் வருசத்து பிரிமியர் பத்மினி. ஃபியட் 1100 என்ற இத்தாலிக்காரன் வண்டியை பம்பாய் குர்லாவில் செய்து, 1970களில் பத்மினி என்று பேர் வைத்தார்கள். ஒரு காலத்தில் டாக்டரும் வக்கீலும் மில் முதலாளியும் வைத்திருந்த வண்டி. இன்றைக்குப் பழைய இரும்பு விலைக்கு வருகிறது. மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகளும் ரோட்டைவிட்டுப் போய்விட்டன. ஒரு கிட்டங்கியில் தூசிபிடித்துக் கிடந்ததை நான் வாங்கினேன். "கார் வாங்கி எங்க போகப்போற?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு, ஊர்த்தெருவிலும் உண்டு. இரண்டு கேள்வியும் ஒன்றல்ல.

வண்டி ஓடியது. ஸ்டியரிங்தான் சரியில்லை. நாலு விரல் அகலம் சுற்றினாலும் சக்கரம் அசையாது. லாரி எதிரே வந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டவேண்டும். டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கிற திருகை இறுக்கிவிட்டு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. கை வலித்தது. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அய்யா கேட்டுவிட்டுச் சிரித்தார். "நோவு முட்டியில இருக்கு. தலைக்குத் தைலம் தடவியிருக்கான்."

அய்யாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தாத்தா திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிக் கிடக்கும். அந்த நாத்தம் மகனுக்கு வேண்டாமென்று 1971இல், பதினாலு வயசில், அய்யாவை ஒரு கார் பட்டறையில் சேர்த்துவிட்டார். இரும்புக்கு நாத்தமில்லை. ஆனால் சாதி கூடவே வந்தது. முப்பது வருசம் அய்யா அங்கே வேலை பார்த்தார். அடிப்பக்க வேலை முழுக்க அவருடையது. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுப்பார். மேலே சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டுகிறவர் முதலாளி மகன், இல்லையென்றால் வேறு சாதிப் பையன். அய்யா சீட்டில் உட்காரக் கூடாது. யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. "சீட்டு அழுக்காயிரும்பா" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அதே கிரீஸ் கையோடு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறதும் மற்றவர்கள்தான். ஆயிரம் வண்டிக்கு ஸ்டியரிங் சரிபண்ணிய என் அய்யா ஒரு வண்டியையும் ரோட்டில் பிடித்ததில்லை.

பத்மினியின் ஸ்டியரிங் சங்கதி இதுதான். ஸ்டியரிங் கம்பியின் கீழே ஒரு பாக்ஸ். அதிலிருந்து ஒரு கை நீளும். எதிர்ப்பக்கம் அதேமாதிரி இன்னொரு கை, அதை ஐட்லர் என்பார்கள். இரண்டையும் நடு ராடு சேர்க்கிறது. இரண்டு பக்க ராடுகள் சக்கரத்துக்குப் போகின்றன. மூன்று ராடு, ஆறு பால் ஜாயிண்ட். ஆறில் ஒன்று தேய்ந்தாலும் கை சொல்வது சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. ஒன்று கழன்றே போனால் அந்தப் பக்கத்துச் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது.

"சக்கரத்தத் தூக்கிராத. பாரம் இருந்தாத்தான் ஆட்டம் தெரியும்" என்றார் அய்யா. முன்சக்கரங்களைத் தடித்த பலகைமேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டவேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் கைவைத்துப் பார்க்கவேண்டும். அய்யா பேசாமல் சாக்கை எடுத்து விரித்தார்.

"அய்யா, நீங்க ஏறுங்க. நான் படுக்கிறேன்."

"ஒனக்கு என்னடா தெரியும்?"

"நீங்க சொல்லுங்க, நான் பாக்குறேன். உங்க முதுகு தாங்காது."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்காலைத் தட்டினார். வேட்டியைத் தட்டினார். ஆத்தா திண்ணையிலிருந்து சத்தம் போட்டது: "ஏறி உக்காருங்களேன். நம்ம காருதானே!" அப்புறமும் அந்தச் சாக்கில் பாதியை மடித்து சீட்டில் போட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் கீழே போனேன். வலது பக்க ராடின் வெளி ஜாயிண்டில் விரல் வைத்ததும் டக் டக் என்று அடித்தது. ஐட்லர் புஷ்ஷும் போயிருந்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே, சத்தத்தை வைத்து மேலிருந்து அய்யா சொன்னார். மதுரையில் ஒரு பழைய கடையில் சாமான் கிடைத்தது. ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்தி, ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கிற கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தோம். மரையில் அடித்தால் மரை போய்விடும். மூன்றாவது அடியில் விட்டது. பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதென்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினோம். டயருக்கு டயர் குச்சி வைத்து அளந்தோம். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு நூலுக்குள் குறைவாக இருக்கவேண்டும். பாக்ஸின் திருகைத் திரும்பத் தளர்த்தினோம். ஸ்பிளிட் பின் மட்டும் பழையதைப் போட விடவில்லை. "ரெண்டு ரூவாயப் பாத்து உசுர விட்றாத."

டாக்டர் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று எழுதிய குறிப்புகளில் 1929இல் சாலிஸ்கானில் நடந்ததைச் சொல்கிறார். அவரை அழைத்துப்போக அங்கிருந்த மகர்கள் குதிரை வண்டி பிடிக்கப் போனார்கள். எந்த வண்டிக்காரனும் தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்ட வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தான் ஒருவன். ஓட்டியவர் அதுவரை வண்டியே ஓட்டாத மகர். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. பாரிஸ்டர் படிப்பெல்லாம் அந்த வண்டிக்காரன் முன்னால் செல்லவில்லை. இதைப் படித்தபோது என் மனசு அந்தப் பேர் தெரியாத மகரிடம்தான் நின்றது. கடிவாளத்தைத் தொட விடாமலே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் அவர் கையில் கடிவாளம் வந்தபோது வண்டி கவிழ்ந்தது. கவிழ்த்தது அவரா?

ரோடும் அப்படித்தான். 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுத்தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று ஏட்டில் ஏறியது. நூறு வருசம் ஆகிவிட்டது. நாட்டில் நடக்க விடாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

வேலை முடிந்து, சாயங்காலம் வண்டியை எடுத்தோம். அய்யாவிடம் லைசென்ஸ் இல்லை. நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே வைத்து உட்கார்ந்து வந்தார். சாக்கை வீட்டிலேயே விட்டுவிட்டார். அதை நான் கவனித்தேன், கேட்கவில்லை. ஊர்த்தெரு வழியாகத் தாடிக்கொம்பு ரோட்டுக்குப் போனோம். டீக்கடையில் பேச்சு நின்றது. அய்யா யாரையும் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கையே பார்த்தார். "இப்பக் கையை லேசாக்கு. தானா நேராகுதா பாரு." நேரானது.

ஒரு வாரம் கழித்து ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் வீட்டு ஜீப்பிலும் இதே ஆட்டமாம். "ஒங்கப்பன வந்து பாக்கச் சொல்லு" என்றார் வந்தவர். என் அய்யாவுக்கு அறுபத்தெட்டு வயசு, வந்தவருக்கு முப்பது இருக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அய்யா சொன்னார்: "வண்டிய இங்க கொண்டாரச் சொல்லுங்க தம்பி. நான் சீட்டுல உக்காந்துதான் பாக்க முடியும். கீழ படுக்க அவுக ஆளு ஒண்ணு கூட வரட்டும்."

வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போனார். ஜீப்பு இன்னும் வரவில்லை.