தேன் எடுக்கும் யந்திரம்

மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்ப்பான். மனை வாங்கப் போகிறவன் திசை பார்ப்பான். தேன் எடுக்கும் யந்திரம் வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பது? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது. நண்பர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். என் விடுதிக் கட்டணம் அந்தத் தேனிலிருந்து வருவதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அம்மாவிடம் இருபது தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. எல்லாம் நியூட்டன் பாதிரியார் வகுத்த சிறு பெட்டிகள். குடியிருப்பது நம் இந்தியத் தேனீ. ரப்பர் மரம் இலையுதிர்ந்து தளிர்விடும் தை, மாசி மாதங்கள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். ரப்பரில் தேனீ பூவைத் தேடிப் போவதில்லை; இலைக்காம்பின் நுனியிலேயே தேன் சுரக்கிறது. அந்தச் சில வாரங்களில் கிடைப்பதுதான் ஆண்டு முழுவதற்கும்.

யந்திரம் இல்லாத காலத்தில் அடையை அறுத்துப் பிழிந்தார்கள். தேனோடு புழுவும் மகரந்தமும் சேர்ந்து வரும்; அடையும் அழியும். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டுக் கிலோ தேனை உண்ண வேண்டும் என்பது தேனீ நூல்களில் வழங்கும் கணக்கு. ஆகவே அடையை அழிப்பது தேனையே அழிப்பது போலத்தான். 1851-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்தார். 1865-இல் ஹ்ருஷ்கா என்னும் ஆஸ்திரியப் படை அதிகாரி, சட்டத்தைச் சுழற்றித் தேனை வெளியேற்றும் முறையைக் காட்டினார். நனைந்த குடையைச் சுழற்றினால் நீர் தெறிக்கிறதே, அதே தத்துவம்தான். தேன் போகும், அடை நிற்கும், காலி அடை மீண்டும் பெட்டிக்குப் போகும்.

எங்கள் பழைய யந்திரம் துத்தநாகம் பூசிய தகரத்தால் ஆனது. தேன் இனிப்பாக இருந்தாலும் அதில் புளிப்புத் தன்மை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பூச்சு தேய்ந்து துரு ஏறியது. கடந்த பருவத்தில் வியாபாரி ஒருவர் ஒரு டின்னைத் திறந்து பார்த்து, நிறம் சரியில்லை என்று தனியே வைத்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீட்டு எடுப்பது என்று முடிவு செய்தாள்.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வழக்கு ஆரம்பமாயிற்று. “யந்திரத்தைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம், இந்தப் பணத்துக்குப் பத்துப் பெட்டி வாங்கு” என்றார் மாமா. நானோ பஞ்சாபில் பார்த்த யந்திரங்களைப் பற்றிச் சொன்னேன். 1962-இல் நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ வெற்றிகரமாகக் குடியமர்த்தப்பட்டது; அன்று பஞ்சாபில் இருந்த அவ்வூர் இன்று ஹிமாசலத்தில் இருக்கிறது. அங்கிருந்து பரவிய தேனீ இன்று இங்கே கடுகு வயல்களின் ஓரமெல்லாம் பெட்டி பெட்டியாக நிற்கிறது. சக்கரத்தின் ஆரக்கால் போலச் சட்டங்களை நிறுத்தி, இரு பக்கத் தேனையும் ஒரே சுற்றில் எடுக்கும் மோட்டார் யந்திரங்களும் இங்கே உண்டு.

“மக்களே, அதுக்குள்ள நம்ம சட்டம் நிக்குமா?” என்று கேட்டாள் அம்மா.

அளந்து பார்த்தோம். இங்குள்ள சட்டம் ஒரு முழ நீளம். எங்கள் தேன் அறைச் சட்டமோ ஒரு சாண் நீளம், மூன்று நான்கு விரல் உயரம். பெரிய கூண்டில் அது தாங்கலின்றிச் சரிந்து விழும். ரப்பர் தோட்டத்தில் மோட்டாருக்கு மின்சாரமும் இல்லை.

மிஞ்சியவை இரண்டு: கையால் சுற்றும் நான்கு சட்ட யந்திரம், இரண்டு சட்ட யந்திரம். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பெட்டிக்கு ஏழு சட்டம். இருபது பெட்டிக்கு நூற்று நாற்பது. ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி, திருப்பி வைத்து, பிறகு வேகமாகச் சுற்ற ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் புது அடை முறிந்துபோகும். இரண்டு சட்டத்தில் எழுபது தடவை, ஏறத்தாழ ஆறு மணி நேரம். நான்கு சட்டத்தில் அதில் பாதி.

ஆனால் இருபது பெட்டிகளும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று தோட்டங்களில் கிடக்கின்றன. ஒரு நாளைக்கு ஆறேழு பெட்டிகள்தான் எடுக்க முடியும். அப்படியானால் மிச்சமாவது ஒரு மணி நேரம். அதுவும் முழுமையாக மிஞ்சாது. அடையின் மெழுகு மூடியைச் சுடுநீரில் தோய்த்த கத்தியால் சீவும் வேலை ஒருவர் கையில் இருக்கிறது. கத்தி முந்தாமல் யந்திரம் முந்த முடியுமா? அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பெரிய பீப்பாயைத் தலையில் வைத்து மேடு ஏறவேண்டும். “ஆரு சுமப்பா?” என்றாள் அம்மா. நான் பருவத்தில் ஊரில் இருப்பதில்லை. தங்கை பள்ளிக்குப் போகிறவள்.

மாமாவின் யோசனைக்கும் அவளிடம் பதில் இருந்தது. ரப்பர் பருவத்தில் எல்லார் பெட்டியும் ஒரே வாரத்தில் நிறையும். இரவல் யந்திரம் கிடைக்கும் நாளில் நம் தேன் முதிர்ந்திருக்க வேண்டுமே! மூடாத அடையின் தேனில் நீர் அதிகம். அது புளித்துப் பொங்கிவிடும். இன்னொன்றும் சொன்னாள். ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் 1990-களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துப் பெட்டிகளைக் காலி செய்தது. தாத்தாவின் பெட்டிகளும் அதில் போயின. “கூடு போனா திரும்பப் பிடிக்கலாம். மெஷின் நின்னாத்தான் பிடிச்ச கூட்டுக்குப் பலன்” என்றாள். மாமா சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

இரண்டு சட்ட யந்திரமே வந்தது. துருப்பிடிக்காத எஃகுப் பீப்பாய்; பல்சக்கரம் பிளாஸ்டிக் அல்ல, இரும்பு; அடியில் தேன் தேங்காமல் வாய்ப்பக்கம் சரிவு. வாங்கும் முன் கடையிலேயே எங்கள் சட்டம் ஒன்றைக் கூண்டில் வைத்து அம்மா சுற்றிப் பார்த்தாள். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார், அவள் பொருட்படுத்தவில்லை.

நாம் இங்கே பெரிய ஆய்வுக்கூடங்களையும் பெரிய யந்திரங்களையும் பார்க்கிறோம், பார்க்கத்தான் வேண்டும். அவற்றை ஊருக்குச் சொல்லும்போது ஊரின் அளவுகோலையும் கையில் வைத்திருப்பது நல்லது. சட்டம் எத்தனை விரல், பாதை எத்தனை மேடு, சுமப்பது யார் என்ற மூன்றையும் எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. தை மாதம் முதல் தேன் எடுத்ததும் ஒரு புட்டி அனுப்புவதாக அம்மா எழுதியிருக்கிறாள். விடுதி நண்பர்கள் கரண்டியோடு வரலாம்.