பந்தியும் பயணமும்

பயணத்துக்கு முன்னர் மேற்கொள்ளப்படும் பயணம் ஒன்று உண்டு. அது தேசப்படத்தின் மீது விரலால் நடப்பது. அதற்குச் செலவில்லை, களைப்பில்லை. ஆயினும் பயணியின் மனத்தை அது அவனுக்கே காட்டிக் கொடுத்துவிடும். இறுதியாண்டுப் பரீட்சை முடிந்ததும் நண்பர் இருவரோடு வட இந்தியா செல்வதெனத் தீர்மானித்த கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு, விடுதி அறையில் தேசப்படத்தை விரித்துவைத்த இரவுகளில் நேர்ந்தது இதுவே.

மூவரும் மூன்று இடத்தவர். திட்டமிடும் பொறுப்பை ஏற்றவன் வடமராட்சியைச் சேர்ந்தவன். இரண்டாமவன் நல்லூரான், பிறந்த நாள் முதல் மச்சம் தொட்டறியாதவன். மூன்றாமவன் அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் நண்பன். இறைச்சியில் விருப்பம் மிகுந்தவன், ஹலால் அல்லாததைத் தீண்டாதவன். நான்காண்டுகளாக விடுதிச் சாப்பாட்டறையில் மூவருக்கும் ஒரே மேசை. கோப்பைகளில் இருப்பது வேறுபடும்; மேசை வேறுபட்டதில்லை.

கட்டடங்களைப் பின்பற்றி அன்று, நாவைப் பின்பற்றியே பயணம் அமைய வேண்டும் என்பது மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. தாஜ்மகாலைப் படத்தில் காணாதவர் எவருமில்லை. ஆனால் சுவையை அச்சிட்டுக் காட்ட எந்த அச்சகத்தாலும் இயலாது. இந்த நியாயம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பத்து நாட்கள், டில்லி, ஆக்ரா, லக்னோ, வாரணாசி, அமிர்தசரஸ் என ஐந்து நகரங்கள், இரவுகளிற் சில புகையிரதத்தில் கழியும்.

உணவுக்கும் பஞ்சாங்கம் உண்டு, கடிகாரம் உண்டு என்பதைத் திட்டமிடத் தொடங்கிய பின்னரே அவன் அறிந்தான். பழைய டில்லியில் ஜும்ஆ பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் விற்கப்படும் நிஹாரி, இரவு முழுவதும் சிறு நெருப்பில் வேகும் இறைச்சிக் குழம்பு. வைகறை உணவாகவே அது பெயர் பெற்றது. பகலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே அதன் பெயரும் பிறந்தது. பிந்தி எழுபவனுக்குச் சட்டியின் அடியே மிஞ்சும். பனிக்காலத்துக்கு மட்டுமே உரிய இனிப்பு ஒன்றும் உண்டு. பாலை இரவுப் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து, திரளும் நுரையை வழித்தெடுத்துக் குங்குமப்பூவிட்டுத் தருவார்கள். டில்லியில் அதன் பெயர் தௌலத் கி சாட், லக்னோவில் மக்கன் மலாய், வாரணாசியில் மலையோ. ஏறத்தாழ ஒரே நுரைக்கு மூன்று நகரங்களில் மூன்று பெயர்கள். வெயில் ஏறினால் அது கரைந்துவிடும். ஆகவே பயணம் மார்கழி, தையில் அமைய வேண்டும். ஆனால் அம்மாதங்களிலேதான் கங்கைச் சமவெளியை மூடும் பனிமூட்டத்தால் புகையிரதங்கள் மணிக்கணக்கில் தாமதிக்கும். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதும் கணக்கிற் சேரவேண்டியிருந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேரும் என்பதைத் தேசப்படம் மெல்லக் கற்பித்தது.

ஒருவாறு முதற் திட்டம் உருவாயிற்று. டில்லியில் விடியற்கால நிஹாரி. ஆக்ராவில் நீற்றுப்பூசணியிற் செய்யும் பேட்டா. லக்னோவில் பல்லில்லாதவனும் உண்ணத்தக்கதாக இறைச்சியைப் பசையென அரைத்துச் சுடும் கலௌட்டி கபாப். வாரணாசியின் ஒடுங்கிய சந்துகளில் காலை வேளைக் கச்சோரியும் ஜிலேபியும். இறுதியாக அமிர்தசரஸின் குல்ச்சா. அதை அவன் பெருமிதத்தோடு வாசித்துக் காட்டினான். அக்கரைப்பற்று நண்பன் நிஹாரியின் பெயரைக் கேட்டதும் கைகொட்டினான். நல்லூரான் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, எவ்வித மனக்குறையும் தொனிக்காமற் சொன்னான்:

“காலமை நீங்கள் ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. நான் அறையில நிக்கிறன்.”

அந்த வார்த்தை அன்றிரவு திட்டமிட்டவனை உறங்கவிடவில்லை.

அவனுடைய பேரனார் தமது இளமைக் காலத்தில் ஊர்த் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தவரல்லர், நுழைய விடப்பட்டவரல்லர். கடையின் புறத்தே நின்று, தமக்கென ஒதுக்கப்பட்ட பாத்திரத்தில் ஊற்றப்பட்டதைக் குடித்துவிட்டுக் காசை வைத்துவிட்டு வருவார். 1966இல் வீறுகொண்டு, அதன் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் ஆலய வாயில்களிலும் நடந்த போராட்டங்களின் பின்னரே அவர் முதன்முறையாக ஒரு வாங்கில் அமர்ந்து தேநீர் அருந்தினார். அந்தத் தேநீரின் சுவையைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கைப் பற்றியே சொன்னார்.

நண்பனின் விலகலுக்கும் பேரனாரின் விலக்கத்துக்கும் உறவுண்டா? அவ்விரவில் அவன் மனம் இக்கேள்வியையே சுற்றியது. ஒருவன் தானாக விலகியிருப்பதும் பிறரால் விலக்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னது நோன்பு, பின்னது அவமதிப்பு. இது தெளிவு. ஆனால் தூய்மை என்ற சொல் ஊரில் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்பட்டதையும் அவன் மறக்கவில்லை. உண்ணாமையை ஒழுக்கமாகக் கொண்ட வீடுகளிற் சில, தம்மோடு யார் உண்ணலாம் என்பதற்கும் வரம்பு வகுத்திருந்தன. அத்தகைய ஊர்ப்புறத்திலிருந்து வந்த நண்பன் நான்காண்டுகளாகத் தன் மேசையைத் தங்களோடு பகிர்ந்தவன். அவனை அறையில் விட்டுவிட்டு விருந்துண்ணச் செல்லும் திட்டத்தைத் தன் கையே எழுதியது அவனை உறுத்தியது.

அடுத்த நாள் நூலகத்தில் அவன் அந்நகரங்களின் வரலாற்றைத் தேடினான். சமையற் குறிப்புகளைத் தேடிய கண் இப்போது பந்தியைத் தேடியது. லக்னோவின் பெரிய இமாம்பாரா, 1784ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் நவாப் ஆசப்-உத்-தௌலா மக்களுக்கு வேலையும் உணவும் கிடைக்கும்பொருட்டு எழுப்பத் தொடங்கியது. அவ்வேலையாட்களுக்காகப் பெரிய கிடாரங்களை மாவினால் வாய் மூடி, இரவும் பகலும் வேகவைத்ததிலிருந்தே அந்நகரின் புகழ்பெற்ற தம் சமையல் பிறந்ததென்பது அங்கு வழங்கும் கதை. கதை முழுவதும் உண்மையாயினும் ஆகாவிடினும், அரச விருந்துக்குப் புகழ்பெற்ற நகரம் தன் சமையலின் மூலத்தைப் பசித்தவர்களின் கிடாரத்தில் வைத்துப் பேசுவது கவனிக்கத்தக்கது.

அமிர்தசரஸோ அவனது தேடலுக்கு நேரடியாகவே விடை தந்தது. அந்நகரை 1577இல் நிறுவியவர் நான்காவது குருவான ராம்தாஸ். அதற்கு முன்னரே, குரு நானக் தொடங்கிவைத்த பொதுச் சமையலறையாகிய லங்கரை மூன்றாவது குரு அமர்தாஸ் உறுதியான நியமமாக்கியிருந்தார்: தம்மைக் காண வருவோர் முதலிற் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். பேரரசர் அக்பரும் அவ்வாறே தரையிலிருந்து உண்டார் என்பது சீக்கிய மரபு. இன்றும் பொற்கோயிலில் நாளொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரொட்டியும் பருப்பும் உண்கின்றனர். பணம் கேட்பார் இல்லை. சாதியோ சமயமோ வினவுவார் இல்லை. தலையை மூடி, பாதணி களைந்து, வரிசையில் அமர்ந்து, ரொட்டியை இரு கைகளாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். அங்கே இறைச்சி பரிமாறப்படுவதில்லை. எந்தச் சமயத்தவரும் தயக்கமின்றி அமரவேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மரக்கறி உணவு இங்கே வேலியாக அன்று, வாயிலாக நிற்பதை அவன் கண்டான். ஊரில் பிரிப்பதற்குப் பயன்பட்ட ஒன்று, அங்கே சேர்ப்பதற்குப் பயன்பட்டிருந்தது.

அவன் திட்டத்தைத் திருத்தி எழுதினான். இறுதியில் இருந்த அமிர்தசரஸ் முதலுக்கு வந்தது. டில்லியில் இறங்கிய அன்றிரவே அங்கு புகையிரதம் ஏறுவதென முடிவாயிற்று. ஒவ்வொரு நகரத்துக்கும் எதிரே ஒரு வேளை உணவைக் கோடிட்டு, ‘மூவரும்’ என்று எழுதினான். அமிர்தசரஸில் லங்கர், டில்லியிலும் லக்னோவிலும் காலைப் பனியோடு அந்தப் பால்நுரை, ஆக்ராவில் பேட்டா, வாரணாசியில் கச்சோரி. மற்றைய வேளைகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டான். எல்லா வேளையும் ஒன்றாக உண்ணவேண்டும் என்பதும் ஒருவகை அதிகாரமே. நிஹாரிக்கு எதிரே மட்டும் சற்றுத் தயங்கி, ‘இருவர்’ என்று குறித்தான்.

புதிய தாளை நண்பரிடம் நீட்டியபோது, பேரனாரைப் பற்றியோ உறங்காத இரவைப் பற்றியோ அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்லூரான் தாளை மேலிருந்து கீழாக வாசித்தான். பின்னர் பேனையை வாங்கி, ‘இருவர்’ என்பதை வெட்டிவிட்டு ‘மூவர்’ என்று எழுதினான்.

“அந்தக் கடையில தேத்தண்ணி கிடைக்குந்தானே?” என்றான். “நான் குடிச்சுக்கொண்டு பக்கத்தில இருப்பன்.”