கட்டும் அவிழ்ப்பும்

கயிற்றில் இடும் முடிச்சும் ஒரு கட்டுரைக்குப் பொருளாகுமோ என அன்பர் நகைக்கலாம். நாங்களும் ஒருகால் அவ்வாறு நகைத்தவர்களே. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் மரக்காணத்தில், உப்பளங்களுக்கும் கடலுக்கும் இடையே வளர்ந்த நாங்கள் மூவரும் ஒரே தாத்தாவின் பேரர்கள். இக்கல்லூரி விடுதியில் ஒரே அறையில் வசிப்பவர்கள்.

தாத்தா தம் இளமையிற் கட்டுமரம் ஏறிக் கடலுக்குச் சென்றவர். பக்கம் பக்கமாக வைத்த மரங்களைக் கயிற்றாற் பிணிப்பதே கட்டுமரத்தின் அமைப்பு. பெயரும் அதனாலேயே வந்தது. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-ஆம் ஆண்டில் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லை எடுத்தாண்டார். கடலினின்று மீண்டதும் கட்டினை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். மறுமுறை செல்லுங்கால் மீண்டும் பிணிப்பர். ஆதலின் அலையில் நெகிழாமையும் கரையில் எளிதில் அவிழ்தலும் ஆகிய இரு குணங்களும் அம்முடிச்சுக்கு வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் பைபர் படகுகள் பெருகின. தாத்தாவின் கைத்திறனைக் கற்க வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

நிற்க. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெஞ்சல் புயல் நெருங்கிற்று. எங்கள் பெரியம்மாவின் உப்பு, விற்பனையாகாமல் அளத்தின் கரையில் ஓர் அம்பாரமாகக் குவிந்திருந்தது. அதனை விற்றே எங்களுள் ஒருவனுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டும். தார்ப்பாயை மூடி, நைலான் கயிறுகளை முளைகளிற் பிணித்தோம். வடபுறம் தாத்தா கட்டினார். தென்புறம் நாங்கள் கட்டினோம். “பிள்ளைகளா, உங்கள் முடிச்சைச் சற்றுப் பார்க்கட்டுமா?” என்றார் அவர். “வேண்டாம் தாத்தா, நன்றாய் இறுக்கிவிட்டோம்” என்று கூறி வீடு திரும்பினோம்.

நவம்பர் 30-ஆம் நாள் இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விடிந்தபின் நீரில் நடந்து அளத்தை அடைந்தோம். வடபுறத்துக் கட்டு அசையவில்லை. தென்புறத்தில் எங்கள் முடிச்சுகளுள் இரண்டு உருவிப்போயிருந்தன. மூன்றாவதோ கல்லாய் இறுகி, கத்தியால் அறுக்க வேண்டியதாயிற்று. தார்ப்பாய் மடங்கிய பக்கத்தில் உப்பு பாதியளவு கரைந்து மழைநீரோடு சென்றுவிட்டது. பெரியம்மா ஒன்றும் கூறவில்லை. அந்தோ! அம்மௌனத்தைக் காட்டிலும் வசைமொழி எங்கட்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்று மாலை தாத்தா திண்ணையில் அமர்ந்து பிழையை விளக்கினார். முதலில் வலநுனியை இடநுனியின்மேல் இட்ட நாங்கள், இரண்டாம் முறையும் வலத்தையே இடத்தின்மேல் இட்டிருந்தோம். அவ்வாறிட்ட முடிச்சு கோணலாய் நின்று, இழுக்க இழுக்க ஒன்று நழுவும், அன்றேல் அவிழாவண்ணம் இறுகும். இரண்டாம் முறை இடத்தை வலத்தின்மேல் இடின் அது தட்டையாய்ப் படிந்து பொருந்தும். எஞ்சிய நுனிகளைக் கயிற்றின்மேல் இருமுறை சுற்றிச் செருகுதல் காற்றின் உதறலுக்குக் காப்பு. நார்க்கயிற்றின் சொரசொரப்பு நம் பிழையை ஓரளவு பொறுக்கும். வழுவழுப்பான நைலான் அதனைப் பொறாது. “கயிறு புதிதாக ஆக, கை இன்னும் கவனமாயிருக்க வேண்டும்” என்றார்.

கட்டணத்தைப் பெரியம்மா கடன் பெற்றே செலுத்தினார். அடுத்த கோடையில் நாங்கள் மூவரும் அவருடைய அளத்தில் உப்பு வாரி அக்கடனிற் சிறு பகுதியை அடைத்தோம். இப்பொழுது கல்லூரி விழா மேடைக்கு மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பணி எங்களிடமே விடப்படுகிறது. விழா முடிந்தபின் அவற்றை ஒவ்வொன்றாய் அவிழ்த்துச் சுருட்டி வைக்கும்போதெல்லாம், அன்று “சற்றுப் பார்க்கட்டுமா?” என்று கேட்ட முதியவரின் குரல் எங்கள் செவியில் ஒலிக்கின்றது. இப்பொழுது ஒருவன் கட்டியதை மற்றிருவரும் பார்த்த பின்னரே மேடையை விட்டு இறங்குகிறோம்.